புஸ்வாணப் பெட்டியில் என் படம்

நான் தேசிய மகளிர் ஹாக்கி அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆன செய்தியை உலகத்துக்கு முதலில் சொன்னது ஒரு புஸ்வாணப் பெட்டி. அது சொன்ன நேரத்தில் நான் பயிற்சியாளர் ஆகியிருக்கவில்லை. அதுதான் வில்லங்கம்.

ஆடுகிற காலத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. சென்டர் ஃபார்வர்டு. ஆசிய அளவில் தங்கம் வாங்கின அணியில் ஆடியவள். பதக்கத்தோடு திருத்தங்கலில் வந்து இறங்கிய அன்று எங்கள் தெருவில் கொளுத்திய சரவெடியில் எனக்கு இரண்டு நாள் காது கேட்கவில்லை. ஆட்டத்தை நிறுத்திய பிறகுதான் ரோதனை. ஏழு வருடம் துணைப் பயிற்சியாளர். எனக்கு மேலே மூன்று ஆண்கள் வந்தார்கள், போனார்கள். பெனால்டி கார்னருக்கு யார் எங்கே நிற்க வேண்டும் என்று படம் போட்டுக் கொடுப்பது நான், பேட்டி கொடுப்பது அவர்கள். மூன்றாவது ஆளும் போனபோது எனக்கு நாற்பது நெருங்கிவிட்டது. இந்தத் தடவையும் கிடைக்கவில்லை என்றால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வாங்கிய அலுவலக வேலைக்கே திரும்பிவிடுவது, மட்டையைத் தொடுவதே இல்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

ஜூன் மாதம் டெல்லியில் நேர்காணல். முடிந்ததும் அண்ணனுக்குப் போன் செய்து, நன்றாகப் பேசினேன், முடிவு பிறகுதான் தெரியும் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

அண்ணன் சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். ஐப்பசியில் வெடிக்கிற வெடிக்கு ஆனியிலேயே லேபிள் அடித்தாக வேண்டும் என்பது அவர் தொழில். காத்திருப்பது என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. ஆகஸ்டில் நான் லீவில் வந்தபோது வீட்டு மேசையில் அந்தப் பெட்டி இருந்தது. மேலே என் படம். ஹாக்கி மட்டையின் நுனியிலிருந்து தங்கப் பொறி பீய்ச்சி அடிக்கிறது. என் கறுத்த கன்னத்துக்கு ரோஸ் பூசி, காதில் ஜிமிக்கி மாட்டி, உதட்டுக்குச் சிவப்பும் போட்டிருந்தார்கள். அடியில் கொட்டை எழுத்தில், ‘இந்திய அணியின் தலைமைக் கோச்’ என்று ஆங்கிலத்தில்.

அம்மா அடுப்படிக்குப் போகும்வரை பொறுத்திருந்து அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, எனக்கு இன்னும் வேலையே கெடைக்கலியே.”

“கெடைக்காம எங்கன போவுது? ஆர்டர் வந்த பெறகா லேபிள் அடிப்பாக? சீசன் போயிரும்ல.”

“ஒங்களுக்குக் கிறுக்கா? எல்லாத்தையும் கிழிச்சுப் போடுங்க.”

“லோடு ஏறிருச்சு தங்கச்சி. பூராவும் டெல்லிப் பக்கந்தான். ஒனக்கு அங்கனதான நல்ல பேரு?”

அத்தனை வகை வெடி இருக்க, போயும் போயும் புஸ்வாணத்தில் என்னைப் போட்ட மனுஷனை என்ன சொல்வது? கோபத்தில் பெட்டியைத் தூக்கி எறியப் போனேன். ஆனாலும் அந்த ரோஸ் கன்னத்தை இன்னொரு தடவை பார்த்ததும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அம்மா பெட்டியை நம்பியிருக்கிறாள், அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள் என்று அண்ணனிடம் கெஞ்சினேன். வெடி ஆலையில் உட்கார்ந்து காகிதக் குழாய் சுற்றியே எங்களை ஆளாக்கியவள். சாப்பிடும்போது அவள் அந்தப் பெட்டியைச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தேர்வுக் குழுவிலிருந்து போன். உடனே டெல்லிக்குப் புறப்பட்டு வா என்றார்கள். நான் உள்ளே நுழைந்தபோது பெரிய மேசையைச் சுற்றி ஐந்து பேர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசை நடுவில் நான், ஜிமிக்கியோடு.

“என் பேரன் வாங்கிக்கொண்டு வந்தான்,” என்றார் தலைவர். “உங்களை யார் நியமித்தது என்று தெரிந்துகொள்ளலாமா?”

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பாழாய்ப்போன கன்னம் கண்ணில் பட்டுவிட்டது. ஏழு வருடக் காத்திருப்பு நாசமாகிறது என்று தெரிந்தும் குபீரென்று சிரித்தேன். அடக்க அடக்க அதிகமாகியது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் அண்ணன் நியமித்தார் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

“வேலை கிடைக்காவிட்டால் இந்த லேபிளையெல்லாம் என்ன செய்வீர்கள்?”

“எங்கள் ஊரில் மிஞ்சிய காகிதம் எதையும் வீணாக்க மாட்டார்கள் ஐயா. குழாயாகச் சுற்றி மருந்தை அடைத்து வெடித்துவிடுவார்கள்.”

தலைவரின் தோள் குலுங்கியது. பிறகு அவர் பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, ஆட்டத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் கேட்டார். நான் ஏழு வருடமாகப் போட்ட படங்களையெல்லாம் மேசையில் பரப்பினேன்.

பத்தாம் நாள் நியமனக் கடிதம் வந்தது. பயிற்சி முகாமின் வராந்தாவில் ஒரு குதி குதித்தேன். வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாள். இவளுக்கு இதை எப்படிப் புதிதாகச் சொல்வது?

“அம்மா, திட்டாத. எனக்குக் கோச் வேலை இன்னைக்குத்தான் கெடச்சுச்சு.”

“நல்லதாப் போச்சு. தெரியும்.”

“அண்ணன் சொல்லிருச்சா?”

“அவன் எங்க சொன்னான்? லேபிளைப் பாத்து வீடே சிரிக்குது, நீ மட்டும் சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்த. வேலை கெடச்சவ மூஞ்சியா அது? மறுநாளே இருக்கன்குடி மாரியாத்தாட்ட நேந்துக்கிட்டேன்.”

“என்னன்னும்மா?”

“ஒனக்கு வேலை கெடச்சா ஒங்க அண்ணனுக்கு மொட்டை.”

பின்னால் அண்ணன், “இதென்ன நாயம்? என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?” என்று கத்துவது கேட்டது. நான் வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். எங்களுக்காகத் தெரியாத மாதிரி மூன்று மாதம் இருந்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா ஏன் என்று கேட்கவில்லை, நான் அழுது முடிக்கும்வரை போனை வைக்கவும் இல்லை.