நான் சிபாரிசு செய்த மாடி அறைக் கிழவி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. அதன் பிறகு எனக்கு எழுத்துப் பழக்கியது உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே நின்று ஒவ்வொரு போர்டாக எழுத்துக் கூட்டி வாசிப்பேன். 'பே... ரை...' என்று நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே பேரையூர் பஸ் கிளம்பிப் போயிருக்கும். அதனால்தான் புத்தகத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை. நான் வாசித்து முடிக்கிறவரை அது நின்ற இடத்தில் நிற்கிறது.

இப்போது திருநகரில் இருக்கிறேன். மகன் கட்டிய வீடு. அவன் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறான். வீட்டைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்துவிட்டுப் போனான் என்று நான் சொல்வேன். என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் வீட்டையே கட்டினேன் என்று அவன் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லோரும் முகம் காட்டுவார்கள். பேத்தி "அப்பத்தா, சாப்ட்டீங்களா" என்று கேட்பாள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் போன் அவள் கையிலிருந்து வேறு யார் கைக்கோ போயிருக்கும். அதுவும் பஸ் மாதிரிதான்.

ஒரு கோடையில் வீட்டு மின்விசிறி கெட்டுப்போனபோது, பக்கத்துத் தெருக் கிளை நூலகத்துக்குள் காற்று வாங்கப் போனேன். விசிறியை ரிப்பேர் செய்த பிறகும் போய்க்கொண்டிருந்தேன். அங்கே மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாசகர் வட்டம் கூடும். ஆளுக்கொரு நாவலோ, யாராவது தன் வாழ்க்கையை எழுதிய புத்தகமோ எடுத்துக்கொண்டு வந்து, இதைப் படியுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு புத்தகத்தின் அருமை பெருமையெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. யாருக்கு ஆகும், எந்த வேளைக்கு ஆகும் என்றுதான் சொல்வேன். ரயில்வே கேட் காவலர் ஒருவர் எழுதிய வாழ்க்கைக் கதை உண்டு. கேட்டை மூடுகிறார், திறக்கிறார். நடுவில் அவர் மனைவிக்குக் காய்ச்சல் வந்து சரியாகிறது. அவ்வளவுதான் புத்தகம். மத்தியானம் தூக்கம் வராதவர்கள் படிக்கலாம். தூக்கம் வராது, ஆனால் வரவில்லையே என்கிற கவலை போய்விடும். ஒரு நர்ஸ் எழுதியது இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. போய்விட்டுத் திரும்பியவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஐந்து தலைமுறைக் கதை ஒன்றில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் அவன் பேரனுக்கும் ஒரே பெயர். நான் சொட்டை, மீசை, துப்புக்கெட்டவன் என்று வைத்துக்கொண்டு படித்தேன். நன்றாகப் புரிந்தது.

வட்டத்தில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் உண்டு. நான் எதைச் சொன்னாலும் குறுக்கே வருவார்.

"கதை இருக்கட்டும்மா. அதுல தத்துவம் என்னன்னு சொல்லுங்க."

"அத நீங்க பாத்துக்கிருங்கண்ணே. எனக்குக் கதை மட்டும் போதும்."

"நா உங்களுக்கு அண்ணனா? உங்களவிட எம்புட்டுச் சின்னவன்."

"தலையப் பாத்து முடிவு பண்ணிட்டேண்ணே."

எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு மாதத்துக்குக் காணும்.

ஆனால் நான் நூலகத்துக்குப் போனது அவர்களுக்காக இல்லை. ஒரு சௌராஷ்டிரா வீட்டு அம்மாவுக்காக. அவர் மகனுக்கு மதுரைக்குள் சேலைக்கடை. மகனோடு திருநகருக்குக் குடிவந்தவர். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், நிறையப் படித்தவர். எனக்கு ஒரு பக்கம் முடிவதற்குள் அவருக்கு ஒரு அத்தியாயம் முடிந்துவிடும். என் மேல் கோபம் வந்தால் முதலில் அவர் வீட்டுப் பாஷையில் முணுமுணுப்பார். பிறகு, திட்டுவது எனக்கும் புரிய வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் தமிழுக்கு வருவார்.

ஒரே புத்தகத்தை முதலில் அவர் எடுப்பார், பிறகு நான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நூலக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம்.

"கதையில எங்க இருக்கீங்க அக்கா?"

"அவ புருசனுக்கு வேல போயிருச்சு. அங்கன இருக்கேன்."

"இன்னுமா? நா அந்தாளைச் சுடுகாட்டுக்கே அனுப்பிட்டேன்."

"அடிப்பாவி, சொல்லிட்டியே தாயி."

"தெரியாம வந்துருச்சு. மத்தவங்க எப்படிப் போறாங்கன்னு சொல்ல மாட்டேன்."

அதன் பிறகு நான் அந்த இடத்துக்கு வந்து சேரும்வரை வாயைத் திறக்க மாட்டார். வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் "எம் மருமக தங்கம்" என்று முடித்துக்கொள்வார். தங்கம் என்பதால் வெளியே காட்டுவதில்லை போலும் என்று நான் கேலி செய்வேன். அவர் வீட்டுக்கு நான் போனதே இல்லை.

ஒரு நாவலை மட்டும் நான் முந்திக்கொண்டேன். அந்த வாரம் ஓர் உறவுக்காரர் கல்யாணத்துக்கு அவர் போயிருந்தார். கதையில் ஒரு கிழவி. மகன் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். கீழேயிருந்து மருமகள் டிபன் கேரியரைக் கொண்டுவந்து வாசலில் வைத்து, கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிவிடுகிறாள். சாம்பாரின் உப்பை வைத்து, கீழே இன்றைக்குச் சண்டையா சமாதானமா என்று கிழவி கணக்குப் போடுகிறாள். தன்னோடு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கட்டும் என்று நாள் முழுக்க ரேடியோவைப் பாடவிடுகிறாள். அந்த ரேடியோ வந்த பக்கத்தை நான் மூன்று நாள் தாண்டவில்லை.

வட்டத்தில் அந்தக் கதையை நடித்தே காட்டினேன். கிழவி கேரியரைத் திறப்பது, மோந்து பார்ப்பது, கண்ணை மூடி யோசிப்பது, எல்லாம். சிரித்துச் சிரித்து நூலகர் அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. கடைசியில் யாருக்கு ஆகும் என்று சொல்ல வேண்டுமே. அடுத்துப் படிக்க வேண்டியவர் என் தோழிதானே. அவரைப் பார்த்துப் புத்தகத்தை நீட்டினேன்.

"இந்தா தாயி. இது ஒனக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு. மொத ஆளா நீ படி."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, டீக்குக்கூட நிற்காமல் போனார். வீட்டில் வேலை இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பெஞ்சுக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. வேறு புத்தகம் எடுத்துப் பார்த்தேன். படிக்க முடிந்தது. ஆனால் நல்ல இடம் ஒன்று வந்ததும் தலையைத் தூக்கிப் பார்ப்பேன், எதிரே சுவர்தான் இருக்கும். 'எங்க இருக்கீங்க' என்று கேட்க ஆள் இல்லாவிட்டால் நான் எந்தப் பக்கத்தில் இருந்தால்தான் என்ன?

அடுத்த வட்டத்திலும் அவர் நாற்காலி காலி. கலைந்து போகும்போது வங்கிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் மனைவிக்கும் அந்த அம்மாவுக்கும் கோயிலில் பழக்கம்.

"ஏம்மா, அவுகள இப்படிச் சபையில வச்சு ஜாடையாப் பேசலாமா?"

"நானா? என்ன பேசுனேன்?"

"அவுகளும் மாடி ரூம்லதான இருக்காக. சோறும் கேரியர்லதான் போகுதாம். அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நீங்க நடிச்சுக் காட்டுனீகன்னு ஒரே அழுகையாம்."

எங்கள் பக்கத்தில் நேராகத் திட்டுவது குறைவு. மருமகள் காதில் விழ வேண்டியதைக் கோழியிடம் சொல்வோம். பக்கத்து வீட்டுக்காரிக்கு உள்ளதை நாயைப் பார்த்துச் சொல்வோம். யாருக்குச் சொன்னது என்று கோழிக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும். அந்த வித்தையில் உசிலம்பட்டியில் நான் பேர் வாங்கியவள். ஆயுசில் ஒருமுறை, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். அதை யார் நம்புவார்கள்?

மறுநாள் அவர் வீட்டைத் தேடிப் போனேன். மருமகள்தான் கதவைத் திறந்தாள். சோபா முழுக்கச் சேலை விரித்திருந்தது. ஒரு சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, போனில் யாருக்கோ கரையைக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டாள்.

"வாங்க அம்மாச்சி. லைப்ரரி அம்மாச்சி நீங்கதானே? அத்தை உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பாங்க. இப்பத்தான் ஒரு மாசமா எங்கயும் இறங்க மாட்டேங்கறாங்க."

"ஒடம்புக்கு என்னத்தா?"

"முட்டி வலிங்கறாங்க. சாப்பிடக் கீழ கூப்பிட்டா எப்பவுமே முட்டி வலிதான். ஆனா லைப்ரரின்னா ஆட்டோவுக்கு முன்னாடி வாசல்ல நிப்பாங்க. இப்ப அதுவும் இல்ல."

குக்கர் விசில் அடித்தது, போனும் அடித்தது. அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேசை மேல் இருந்த கேரியரை எடுத்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க. மேலதான போறீங்க, இதக் கொஞ்சம் அத்தைகிட்ட குடுத்துடறீங்களா?"

மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. கேரியரை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில்தான் எனக்கு உறைத்தது, நான் அந்த நாவலின் மருமகளாக ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று. அந்தக் கதவைத் தட்டப் பயமாக இருந்தது. தட்டாமல் நின்றேன். காலடிச் சத்தம் கேட்டு அவரே திறந்தார். முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"சபையில சிரிச்சது பத்தலையா அக்கா? நேர்லயும் நடிச்சுக் காட்ட வந்துட்டீங்களா?"

என் வாய்க்கு அப்போதும் இரண்டு கேலி வந்தது. விழுங்கினேன். கேரியரைக் கீழே வைத்தேன்.

"தாயி, நீ மாடியில இருக்கிறது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"ஒனக்குன்னே எழுதுனதுன்னு சொன்னீங்கள்ல."

"ஒனக்குப் பிடிக்கும்னு சொன்னேன். அந்தக் கெழவி நாந்தான். அவளுக்காச்சும் கீழ ஆளு இருக்கு. எனக்குக் கீழயும் இல்ல, மேலயும் இல்ல. காலையில டிவியப் போட்டா படுக்கிற மட்டும் நிறுத்தறதில்ல. செய்தி வாசிக்கிற பொண்ணுகிட்ட, சாப்ட்டியா ஆத்தான்னு கேக்கறேன். அது பாட்டுக்கு மழை வரும்னு சொல்லுது."

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல."

"சொன்னா யாரு சிரிப்பா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஜன்னல் பக்கம் அந்தப் புத்தகம் இருந்தது. அதைக் கையில் எடுத்தார்.

"படிச்சு முடிச்சுட்டேன். நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா அந்த மருமகளை ரொம்பக் கெட்டவளா எழுதிட்டாங்க அக்கா."

"ஆமா. எனக்கும் பட்டுச்சு."

"எம் மருமக அப்படி இல்ல. கூப்பிடறா. நாந்தான் போறதில்ல. கீழ ஆளாளுக்குப் போன் பேசிக்கிட்டு இருப்பாங்க. நா நடுவில தட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். யாரும் ஒரு வார்த்தை கடுசாச் சொன்னதில்ல. மேல இருந்தா நா தனியா இருக்கேன்னு எனக்காச்சும் தெரியும். கீழ இருந்தா அதுவும் தெரியாது."

அவர் கேரியரைத் திறந்து, மூடியில் பாதிச் சோற்றை எனக்குத் தள்ளினார். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. அதை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

"வட்டத்துக்கு வர மாட்டேன்," என்றார், கை கழுவும்போது. "எல்லாரும் திரும்பிப் பாத்தாங்கல்ல, அது போகாது."

"வர வேணாம்."

"பெஞ்சுக்கும் இப்ப வேணாம்."

"சரி தாயி."

"பொஸ்தகம் மட்டும் கொண்டாங்க."

அடுத்த வட்டத்துக்கு, அவரிடமிருந்து வாங்கி வந்த அதே நாவலை மறுபடியும் எடுத்துக்கொண்டு போனேன். போன தடவை நடித்துக் காட்டியதை மறந்துவிடுங்கள் என்று சொன்னேன். புத்தகம் நன்றாக இருக்கிறது, படியுங்கள். ஆனால் அதை எழுதியவர் ஒரு சுலபமான வேலை செய்துவிட்டார். ஒரு கிழவி தனியாக இருக்க வேண்டுமென்றால் ஒரு மருமகள் கெட்டவளாக இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். அப்படி யாரும் இருக்க வேண்டியதில்லை. எல்லோரும் நல்லவர்களாக இருக்கிற வீட்டிலும் அது தானாக நடக்கும். ஆளே இல்லாத என் வீட்டில் நடக்கிற மாதிரி.

வங்கிக்காரர் தத்துவம் கேட்கவில்லை. யாருக்கு ஆகும் என்று நானும் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்ததும் அலமாரியில் தேடி, ஒரு மெல்லிய புத்தகம் எடுத்தேன். ஊர் ஊராக மாற்றலாகிப் போன ஒரு தபால்காரர் மனைவி எழுதிய வாழ்க்கைக் கதை. அதிசயமாக அதில் இரண்டு பிரதி இருந்தது. ஒன்றை எனக்கு வைத்துக்கொண்டு, இன்னொன்றை அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மாடி ஏறவில்லை. அவராகக் கூப்பிடட்டும் என்று இருந்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் கறிவேப்பிலை வாங்கப் போனவள், அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்பினேன். மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது. ஜன்னலோரம் குனிந்த தலை தெரிந்தது. புத்தகத்தில் ஒரு பக்கம் புரண்டது. நான் நின்றுகொண்டிருந்த நேரத்துக்குள்ளேயே இன்னொரு பக்கமும் புரண்டது. என்ன வேகம் பாருங்கள்.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். படித்துக்கொண்டிருக்கிற ஆளை எப்படிக் கூப்பிடுவது? வீட்டைப் பார்த்து நடந்தேன். 'எங்க இருக்கீங்க' என்று அவர் கேட்கிற அன்றைக்கு, முதல் அத்தியாயத்தில்தான் இருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருக்குமே.