அந்தோணிமேரி டீச்சரின் சனிக்கிழமை வகுப்பு

1977 ஜூலையில் காரைக்கால் பள்ளிகளுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை வந்தது. வகுப்பறையில் படம் காட்டும் கருவிகளைக் கையாள்வது எப்படி என்று புதுச்சேரியில் பத்து நாள் பயிற்சி நடக்கும், பள்ளிக்கு ஓர் ஆசிரியரை அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. அம்பகரத்தூரில் நாங்கள் அதை ஆளுக்கொரு தரம் படித்துவிட்டு அடுத்தவர் மேசைக்குத் தள்ளினோம். பயிற்சிக்குப் போய் வருகிறவர் தலையில்தான் கருவியைக் கட்டுவார்கள், பழுதானால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் மின்சாரமே கிடையாது என்று பதில் எழுதித் தப்பித்துக்கொண்டோம். எழுதிய கை என்னுடையதுதான்.

டவுனில் பெண்கள் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருந்த அந்தோணிமேரி, "நான் போறேங்க" என்று தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. அவருடைய அப்பா யாகப்பன், மார்க்கெட் பக்கம் பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஸ்டவ்வும் பழுதுபார்த்தவர். மகள் ஒரு பொருளைக் கையில் எடுத்தால் முதலில் அதைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். திருகாணி எங்கே இருக்கிறது என்று தேடும் கண் அது.

புதுச்சேரியில் எட்டு நாள் வெறும் பேச்சாகவே போயிற்று. கருவிகள் முன்வரிசை மேசையில் துணி போர்த்தி இருந்தன. ஒன்பதாம் நாள் துணியை எடுத்தார்கள். இருபத்தெட்டு ஆசிரியர்களும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகலாம், தொடக் கூடாது. அந்தோணிமேரி அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. அங்கே கருவிகளை இயக்கும் வேலையில் இருந்த கஸ்தோன் என்பவரிடம் போய் நின்றார்.

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கணுங்க."

"பாத்து என்னங்க செய்யப் போறீங்க?"

"பாக்காம எப்படிங்க பிள்ளைங்களுக்குக் காட்டுறது?"

கஸ்தோன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திருப்புளியை அவர் கையிலேயே கொடுத்தார். விளக்கு, அதன் பின்னால் குழிவான ஆடி, முன்னால் வெளிச்சத்தைக் குவிக்கும் வில்லை, படத்தைப் பெரிதாக்கும் வில்லை, அவ்வளவுதான் உள்ளே. "இதுக்காகவா எட்டு நாள் பயந்தோம்னு ஆகிப்போச்சு சார்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

ஊர் திரும்பியதும் பள்ளியின் சாமான் அறையைத் திறக்கச் சொன்னார். சாவி தலைமையாசிரியை சௌந்தரவல்லி அம்மாளின் இடுப்பில் இருக்கும். அந்த அம்மாள் கெட்டவர் அல்ல, பயந்தவர். பதிவேட்டில் எழுதியிருக்கும் பொருள் எழுதியபடியே இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் கவலை. மூன்று வாரம் கேட்டுக் கேட்டு, திறந்தார்கள். கிழிந்த தேசப்படங்களுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் வந்தது. நுண்ணோக்கியில் ஒருவர் மட்டும் பார்க்கக்கூடியதை ஒரு வகுப்பே பார்க்கும்படி சுவரில் வீசிக் காட்டும் கருவி. இருபது வருஷத்துக்கு மேலாக அதை யாரும் வெளியே எடுக்கவில்லை. கூடவே பிரெஞ்சில் அச்சடித்த சின்னப் புத்தகம், கரையான் விட்டுவைத்த அளவுக்கு.

அதே பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர் ஐரேன். அவர் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அண்ணன் பிரான்சில். பள்ளிக்கூட மொழிதான் அவருக்குத் தெரியும், வில்லையும் ஆடியும் தெரியாது. இரண்டு பேரும் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார்கள். ஐரேன் வாசித்துப் பொருள் சொல்வார், அந்தோணிமேரி கருவியில் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பார்.

கடைசியில் விளக்கைத்தான் காணவில்லை. கண்ணாடி உடைந்து அடிப்பாகம் மட்டும் இருந்தது. அந்த மாதிரி விளக்கு காரைக்காலில் இல்லை, புதுச்சேரியிலும் இல்லை. கஸ்தோனுக்குக் கடிதம் எழுதினார்கள், அவரும் கைவிரித்துவிட்டார். சௌந்தரவல்லி அம்மாள் பெட்டியை மூடிவிடலாம் என்றார்.

மூடுவதற்கு முதல் நாள் ஐரேன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். "டீச்சர், இங்க வேற என்னமோ போட்டிருக்கான். விளக்கு இல்லாத இடத்துல சூரியனை உபயோகிக்கலாமாம்."

அந்தோணிமேரி அதை நான்கு தரம் வாசிக்கச் சொன்னாராம்.

மறுவாரம் அறிவியல் அறையின் ஜன்னல்களை அட்டையால் அடைத்தார்கள். ஓர் அட்டையில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. வெளியே முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து வெயிலைத் திருப்பி ஓட்டை வழியாக உள்ளே விட்டார்கள். உள்ளே அந்த ஒளிக்கு எதிரே கருவி. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு சொட்டுக் குளத்துத் தண்ணீர். சுவரில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது. அதில் என்னவோ துடித்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அரை நிமிஷத்தில் வட்டத்தில் குமிழ்கள் கிளம்பின, துடித்ததெல்லாம் நின்றுவிட்டது. குவிந்த வெயிலின் சூட்டில் அந்தச் சொட்டு கொதித்துப்போயிருந்தது. ஒரு பெண் அழுதாள். அந்தோணிமேரி அன்று பாடம் நடத்தவில்லை.

புத்தகத்தில் அதற்கும் வழி சொல்லியிருந்தது. வெளிச்சம் வரும் பாதையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் 'அலன்' என்ற ஒன்றைக் கரைத்த தண்ணீரை நிரப்ப வேண்டும். அது சூட்டைப் பிடித்துக்கொண்டு ஒளியை மட்டும் விடும். அலன் என்றால் என்னவென்று ஐரேனுக்குத் தெரியவில்லை. வீட்டில் அப்பாவிடம் கேட்டார். ராணுவத்தில் அப்படி ஒன்று கொடுக்கவில்லை என்று அவர் சொன்னார். மருந்துக்கடைக்காரர்தான் சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வைத்தார். படிகாரம். முகம் மழித்ததும் தடவிக்கொள்கிற சாதாரணப் படிகாரம்.

இரண்டாம் தடவை ஐரேன் வெளியே குடை பிடித்துக்கொண்டு கண்ணாடியைத் திருப்ப நின்றார். வெயில் நகர நகரத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே முப்பத்தாறு பிள்ளைகள். "தெரியுதா?" என்று வெளியிலிருந்து கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை. இதுவும் வீணாய்ப்போயிற்று என்று நினைத்துக் குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்தார். கண்ணாடியைக் கைவிட்டதும் ஒளி மெல்ல விலகி அறை இருண்டது. இருட்டில் ஒரு பிள்ளை மட்டும், "ஐயோ டீச்சர், போங்க, போய்ப் பிடிங்க" என்று கெஞ்சியது. எல்லோரும் இருண்ட சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பேச்சு பள்ளிக்குப் பள்ளி பரவியது. 1979 பிப்ரவரியில் அந்தோணிமேரியிடமிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. சனிக்கிழமை காலை ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு, விரும்புகிறவர்கள் வரலாம், வரும்போது அவரவர் ஊர்க் குளத்துத் தண்ணீரை ஒரு குப்பியில் கொண்டு வரவும். தண்ணீர் எதற்கு என்று தெரியாமலே வாய்க்காலில் ஒரு மருந்துக் குப்பியை முக்கி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திருநள்ளாற்றிலிருந்தும் திருமலைராயன்பட்டினத்திலிருந்தும் வந்திருந்தார்கள். மொத்தம் பத்தொன்பது பேர், மேசை மேல் பத்தொன்பது குப்பிகள்.

அவர் எங்களுக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. கருவியைப் பிரித்துப் போட்டுவிட்டு, "கோத்துப் பாருங்க. உடைஞ்சா நான் சொல்லிக்குறேன்" என்றார். பதினைந்து வருஷம் உத்தியோகம் பார்த்த நான், வில்லையைத் தொடுமுன் விரலை இரண்டு தரம் வேட்டியில் துடைத்துக்கொண்டேன். பதினோரு மணிக்குக் கோத்து முடித்தோம். என் குப்பியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைத்தார்கள்.

அந்த நேரத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. சுவரில் ஆள் உயர வட்டம். அதில் கொசுப்புழு ஒன்று, என் கை நீளத்துக்கு, உடம்பு கண்ணாடி மாதிரி. அதன் நெஞ்சுக்குள் ஏதோ விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. அது இதயம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதைச் சுற்றிப் பச்சை உருண்டைகள் புரண்டன, மணி போல ஒன்று சுருங்கி விரிந்தது, பெயர் தெரியாத எத்தனையோ ஒன்றை ஒன்று விலகிப் போய்க்கொண்டிருந்தன. தினமும் நான் கால் கழுவுகிற வாய்க்கால் அது. இத்தனை பேர் அதில் குடியிருப்பது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. மூச்சு விட்டால் அவை கலைந்துவிடும் என்பதுபோல நாங்கள் நின்றோம்.

திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்த ரோஷன் பேகம் டீச்சரின் குப்பியை அடுத்து வைத்தார்கள். அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. செருப்பு வடிவத்தில் ஒன்று வட்டத்தின் குறுக்கே உருண்டபடி பாய்ந்தது, எதிலோ முட்டியது, பின்வாங்கியது, வேறு பக்கம் திரும்பிப் போயிற்று.

"அது என்னங்க?" என்று கேட்டார்.

"பரமீசியம் டீச்சர்" என்றார் அந்தோணிமேரி.

ரோஷன் பேகம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இருவத்தாறு வருசமா போர்டுல போட்டுக்கிட்டு இருக்கேன். செருப்பு மாதிரி இருக்கும்னு சொல்லுவேன். ஓடும்னு ஒருநாளும் சொல்லலையே."

சுவரைப் பார்த்தபடியே, "இந்த வெளிச்சத்துல செத்துப்போயிருமா?" என்று கேட்டார்.

"படிகாரத் தண்ணி வச்சிருக்குங்க. ஒண்ணும் ஆகாது."

வகுப்பு முடிந்ததும் அந்தத் தகடுகளை ரோஷன் பேகம் தம் கையிலேயே வாங்கிக்கொண்டார். சொட்டைத் தம் குப்பியில் திரும்பக் கழுவி விட்டு மூடி, பைக்குள் நிமிர்த்தி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அதன்பின் மாதம் ஒரு சனிக்கிழமை கூடினோம். மின்சாரம் இல்லாத பள்ளிகளுக்குத்தான் இது கூடுதலாகப் பொருந்தியது. பழைய வில்லை, அட்டைப்பெட்டி, கண்ணாடி, படிகாரம் இவற்றை வைத்து அவரவர் பள்ளிக்கு அவரவரே கருவி செய்தோம். அதற்காக அந்தோணிமேரி பதினாறு பக்கத்தில் ஒரு கையேடு எழுதினார். ஸ்டென்சில் தாளில் படங்களை அவரே கீறி, சைக்ளோஸ்டைல் எடுத்து, ஊசி நூலால் தைத்துக் கொடுத்தார். முதல் வரி, 'பயப்படாதீர்கள், இதில் உடையக்கூடியவை மூன்றே பொருள்கள்' என்று தொடங்கும். பயிற்சிகளில் கொடுத்த எந்தப் புத்தகமும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

1981இல் அவருக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. விடுமுறை நாளில், வெளி ஆட்கள் கையில் அரசாங்கப் பொருளைப் பிரிக்கக் கொடுத்தது ஏன் என்று கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை வகுப்பு இத்தோடு சரி என்று நாங்கள் நினைத்தோம். பதில் எழுத உட்கார்ந்த அந்தோணிமேரியிடமிருந்து தாளைச் சௌந்தரவல்லி அம்மாள் வாங்கிக்கொண்டார்.

"நீங்க எழுத வேணாம். சாவி எங்கிட்டதானே இருக்கு."

ஒரே வாக்கியம் எழுதினார். தம் அனுமதியின்பேரில், தம் முன்னிலையில் நடந்தது, இனியும் நடக்கும். அந்த அம்மாள் அதுவரை ஒரு சனிக்கிழமை கூட வந்ததில்லை. அடுத்த சனிக்கிழமை வந்து, எழுதியது பொய்யாகக் கூடாது என்று பின்பெஞ்சில் உட்கார்ந்தார். வட்டம் சுவரில் விழுந்ததும் எழுந்து முன்னால் வந்துவிட்டார். அந்தக் கடிதம் பற்றிப் பிறகு எந்தப் பேச்சும் வரவில்லை.

1984க்குள் பதினொரு பள்ளிகளில் சூரியனை வைத்துப் பாடம் நடந்தது. அந்த வருஷம் அவரைப் புதுச்சேரிக்குப் பயிற்சி கொடுப்பவராக அழைத்தார்கள். போனார். பதவி உயர்வு எதுவும் வரவில்லை. அவரும் கேட்டதாக நினைவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் தை மாதம் எங்கள் அம்பகரத்தூர் பள்ளிக்கு வந்தார். ஓட்டுக் கூரை வகுப்பு, ஜன்னலில் சாக்கு. கண்ணாடியைத் திருப்ப நான் வெளியே நின்றேன். ஜன்னல் இடுக்கு வழியாக எனக்கும் கொஞ்சம் தெரிந்தது. பிள்ளைகள் வயல் மடையிலிருந்து கொண்டு வந்த தண்ணீரில் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. தலையில் இரண்டு சக்கரங்கள் சுழல்வதுபோல இருந்தன. சுழற்சியில் சிறு துகள்கள் ஆற்றுச் சுழலில் போவதுபோல உள்ளே போயின. பிறகு அது உடம்பைச் சுருக்கிக்கொண்டது, மறுபடி நீண்டு சக்கரங்களை விரித்தது.

"டீச்சர், இது பேரு என்ன?" என்று ஒரு பெண் கேட்டாள்.

அந்தோணிமேரி சுவருக்கு மிக அருகில் போயிருந்தார். அந்தச் சக்கரங்களின் நிழல் அவர் கன்னத்திலும் சேலையிலும் சுழன்றது.

"தெரியாதும்மா" என்றார். "நானும் இப்பத்தான் பாக்குறேன்." திரும்பாமலே ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "பாலகுரு சார், வெயிலை விட்டுராதீங்க."