துண்டு விழாத ஒயின் அறை

இரண்டு கைகள் ஒரு பாட்டிலைப் படுக்கவைத்து, அதன் வயிற்றைச் சுற்றி நூலைக் கொண்டுவந்தன. நூல் சந்தித்த இடத்தில் கட்டைவிரல் நகம் அழுந்தியது. அங்கே ஒரு முடிச்சு விழுந்தது. அடுத்தது கொஞ்சம் தொப்பை போட்ட பாட்டில். முதல் முடிச்சைத் தாண்டி ஒரு விரல் அகலத்தில் அதற்கு ஒரு முடிச்சு. மூன்றாவது கழுத்து நீண்டு இடுப்பு ஒடுங்கிய பாட்டில். அதற்கும் ஒன்று.

"தையல்காரர் மாதிரி அளவெடுக்கிறீங்களே" என்றார் பக்கத்தில் நின்ற பல் டாக்டர்.

"சட்டை இறுக்கமா இருந்தா ஒரு பொத்தானைக் கழட்டி விட்டுக்கலாம் டாக்டர். இவங்களுக்குப் பொத்தான் கிடையாதே. இருக்கிறதிலேயே குண்டான ஆளுக்கு அளவெடுத்தாத்தான் எல்லாரும் நிம்மதியாப் படுப்பாங்க."

அந்தக் கைகளுக்கு உரியவளை அந்த வட்டாரத்தில் டம்ளரக்கா என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவள் கணவனே ஒரு நொடி யோசிப்பான். பழப்பெட்டி அடிக்கும் பட்டறையில் ஆணி அடித்துத் தொடங்கியவள். அலமாரி செய்ய யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. உடைந்த அலமாரிகளை விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்தாள். எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். முதன்முதலில் ஒரு மருந்துக் கடைக்கு அலமாரி அடித்தபோது, "கண்ணாடிக் குப்பிங்க அம்மா, ஆடினா நான் காலி" என்று கடைக்காரர் பயந்தார். அவள் ஒரு டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி மேல்தட்டில் வைத்துவிட்டு, அலமாரியின் பக்கத்தைக் கையால் ஓங்கிக் குத்தினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பிறகு அந்தத் தண்ணீரை எடுத்து அவளே குடித்தாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வேலை முடிந்தால் டம்ளர் வைப்பாள். தண்ணீர் அசையாமல் நின்றால் எடுத்துக் குடிப்பாள். குடித்துவிட்டால் வேலை ஒப்படைத்தாயிற்று என்று அர்த்தம். ரகசியம் என்னவென்று கேட்பவர்களிடம் ஒளிக்காமல் சொல்வாள்: "அலமாரியும் சுவரும் ஒரே உடம்பா இருக்கணும். திருகாணியில கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

இப்போது வந்திருப்பது அவள் அதுவரை செய்யாத வேலை. டாக்டர் ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்பக்கம், வெயில் படாத சாமான் அறையை ஒயின் அறையாக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அவருக்குக் குறுக்கே நின்றது அவர் தங்கை. ஒரு பள்ளியின் வரவுசெலவை வருஷக்கணக்கில் பார்த்தவர். இப்போது அண்ணன் வீட்டு வரவுசெலவைப் பார்க்கிறார். டாக்டர் அவரை நிதி மந்திரி என்பார். எதிரில் சொல்லும் தைரியமும் அவருக்கு உண்டு.

"எத்தனை பாட்டிலுக்கு இடம் வேணும் டாக்டர்?"

"ஒரு முந்நூறு."

"ரெண்டு மாசத்துக்கு ஒரு பாட்டில் திறக்கிற ஆள் நீ" என்றார் நிதி மந்திரி. "முந்நூறையும் முடிக்க நீ இன்னொரு ஜென்மம் எடுக்கணும் அண்ணா. அதுலயும் சின்ன வயசிலேயே ஆரம்பிக்கணும்."

"எல்லாம் உடனே குடிக்கிறதுக்கா? சிலது பத்து வருஷம் தூங்கினாத்தான் ருசி."

"நீயும் சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் தூங்குற. ஒரு ருசியும் ஏறக் காணோமே."

கடைசியில் நூற்றைம்பதில் வந்து நின்றது. நிதி மந்திரி ஒரு தொகையைச் சொன்னார். "இதுக்குள்ள முடியணும். பட்ஜெட்ல துண்டு விழக் கூடாது. நடுவுல வந்து அது விலை ஏறிடுச்சு, இது தீந்துபோச்சுன்னு நிக்கக் கூடாது."

டம்ளரக்கா ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து அந்த அறையின் தரையிலேயே பெட்டி பெட்டியாகப் போட்டாள். அவள் பட்ஜெட் போடும் முறை அதுதான். மொத்தத் தொகை ஒரு பெரிய கட்டம். "இதுல பாதி சுவருக்கும் கதவுக்கும். நுரைப்பலகை ஒட்டி, கதவு ஓரத்துல ரப்பர் வெச்சு, உள்ளே இருக்கிற குளுமை வெளிய போகாமப் பண்ணணும். இதுல மிச்சம் பிடிச்சா மாசா மாசம் கரண்டு பில்லுல கட்டுவீங்க." அடுத்து ஒரு கட்டம் குளிர் மெஷினுக்கு. அடுத்தது அடுக்குகளுக்கு. ஓரமாக ஒரு சின்னக் கட்டம் அவள் கூலிக்கு.

"கண்ணாடிக் கதவு?" டாக்டர் மெதுவாகக் கேட்டார். "வெளிய நின்னு பார்த்தா உள்ளே பாட்டில் எல்லாம் தெரியும்…"

"கண்ணாடி வெச்சா இதைவிடப் பெரிய மெஷின் வாங்கணும் டாக்டர்." அவள் மெஷின் கட்டத்தைக் காலால் அழித்துப் பெரிதாக வரைந்தாள். அது அடுக்குகளின் கட்டத்தை விழுங்கிவிட்டது. "இப்ப கண்ணாடி வழியாப் பார்த்தா, பாட்டில் எல்லாம் தரையில கிடக்கிறது நல்லாத் தெரியும்."

நிதி மந்திரி முதல்முறையாகச் சிரித்தார். டாக்டருடைய முகம் வாடியதைப் பார்த்து டம்ளரக்காவுக்கே பாவமாகிவிட்டது. "மரக்கதவுதான். ஆனா அடுக்குக்கு மேல, இந்தச் சுவர்லேருந்து அந்தச் சுவர் வரைக்கும் நல்ல கனமான பலகையில திராட்சைக் கொடி செதுக்கித் தரேன். கிரீடம் மாதிரி."

டாக்டருக்கு அது போதுமாயிருந்தது. அவள் வாய் அதோடு நிற்காமல், "இந்தத் தொகைக்கு மேல ஒரு காசு கேட்கமாட்டேன். அதிகமானா என் கையிலேருந்து" என்றும் சொல்லிவிட்டது.

சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்த வேலை கைநழுவிப் போய்விடக் கூடாது. கடைத்தெருவில் அவளுக்காக ஒரு மேசை ரம்பம் காத்திருந்தது. முன்பணம் கொடுத்து வைத்திருந்தாள். மாதக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். கைரம்பத்தால் அறுத்து அறுத்து அவள் வலது தோள் ராத்திரியானால் தனியாகப் பேச ஆரம்பித்திருந்தது. இந்த வேலையின் கூலி அப்படியே முழுதாகக் கைக்கு வந்தால் ரம்பம் வீட்டுக்கு வரும். ஒரு துண்டு விழுந்தாலும் வராது.

வேலை ஒழுங்காக நடந்தது. சுவரில் நுரைப்பலகை ஏறியது. கதவு ரப்பரைக் கடித்துக்கொண்டு சாத்தியது. குளிர் மெஷின் கனத்த ரப்பர் மெத்தைமேல் உட்கார்ந்து பூனைபோல் முனகியது. அடுக்குகளில் குண்டுப் பாட்டிலின் முடிச்சளவுக்குக் குழிகள். பாட்டில்கள் படுத்தேதான் இருக்க வேண்டும், தக்கை ஈரமாக இருந்தால்தான் காற்று உள்ளே போகாது என்று டாக்டர் விளக்கியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "ஆட்டக் கூடாதும்மா. அடியில வண்டல் படியும், அது பாட்டுக்குத் தூங்கணும். ஆட்டம் இருந்துட்டே இருந்தா ஒயின் கெட்டுப்போகும்."

"என் அலமாரியா ஆடும்?" என்று சிரித்தபடியே அவள் பின்சுவரில் நீளத் திருகாணிகளை இறக்கினாள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு.

கடைசியில் திராட்சைக் கொடியும் மேலே ஏறியது. டாக்டர் கையில் முதல் பாட்டிலோடு வாசலில் நின்றார். டம்ளரக்கா நடுத்தட்டில் டம்ளரை வைத்து விளிம்புவரை ஊற்றினாள். தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. அவள் கையை நீட்டினாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கும் மெஷின் பிழிவதற்காகச் சுற்ற ஆரம்பித்தது. டம்ளரின் நடுவில் ஒரு சின்ன வளையம் தோன்றி விளிம்பைத் தொட்டது. அடுத்த வளையம். அதற்குப் பின்னால் இன்னொன்று.

டாக்டர் கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரக்காவின் கை நடுவழியில் நின்றது. பிறகு டம்ளரை எடுத்து, வெளியே இருந்த பூந்தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தாள்.

"ஏம்மா, குடிக்கலையா?" என்றார் நிதி மந்திரி. அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"இல்லம்மா. வேலை இன்னும் முடியலை. டாக்டர், பாட்டில் இன்னிக்கு வேண்டாம்."

முதலில் துவைக்கும் மெஷினில்தான் கை வைத்தாள். ஒரு கால் குட்டையாக இருந்தது; திருகிச் சமப்படுத்தி, அடியில் ரப்பர் விரித்தாள். வளையம் மெலிந்தது, நிற்கவில்லை. மெஷினை வேறு இடத்துக்கு மாற்றினால் குழாயையும் மாற்ற வேண்டும். தரையை உடைக்க வேண்டும்.

"மாத்தலாம். ஆனா யார் கணக்குல?" என்று கேட்டார் நிதி மந்திரி. குரலில் கோபமில்லை.

"நான்தானேம்மா வாக்குக் கொடுத்தேன். என் கணக்குதான்."

சாயங்காலம் சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். சாமான் வண்டி ஓட்டுகிறவன். எல்லாவற்றையும் வண்டிக் கணக்கில் பார்ப்பவன். "நான் ஏத்திட்டு வர்ற பாட்டில் எல்லாம் குண்டுங்குழியுமான ரோட்டுல குலுங்கிட்டுதான் வருது. ஒரு சின்ன வளையத்துக்கா இவ்வளவு? யாரு பார்க்கப்போறா?" என்றான். அவனே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சரி, நீ பார்ப்பே. அப்புறம் தூங்கமாட்டே. என்னையும் தூங்கவிடமாட்டே. குழாய்க்காரரை நாளைக்கே கூப்பிடு. ரம்பம் எங்கேயும் ஓடிப்போகாது" என்றான்.

"அதுதான் ஓடிப்போகும்" என்றாள் அவள்.

காலையில் குழாய்க்காரர் வருவதற்கு முன்பே டம்ளரக்கா போய்விட்டாள். ஒயின் அறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தாள். டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னம்மா, பல்வலிக்காரங்க மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? அந்த வைத்தியம்தான் எனக்குத் தெரியும், சொல்லுங்க."

"ஆடுது டாக்டர்."

"பல்லா?"

"அலமாரி."

"ஆடுற பல்லை ஆடாத பல்லோட சேர்த்துக் கட்டிட்டா நின்னுடும்" என்றார் டாக்டர், அவளைச் சிரிக்கவைக்கிற எண்ணத்தில். "ஆனா யாரோட கட்டுறோம்னு பார்க்கணும். ஆரம்பத்துல நான் ஒரு ஆளுக்கு, போயும் போயும் ஆடுற பல்லோடயே ஒரு நல்ல பல்லைச் சேர்த்துக் கட்டிட்டேன். நல்லதும் கூடச் சேர்ந்து ஆட ஆரம்பிச்சிடுச்சு. அந்த ஆளு இப்பவும் என்னைத் தெருவுல பார்த்தா வாயை மூடிக்கிறாரு."

டம்ளரக்கா சிரிக்கவில்லை. கன்னத்திலிருந்த கை இறங்கியது. "டாக்டர், உங்க தங்கச்சியைக் கொஞ்சம் மெஷினைப் போடச் சொல்லுங்க."

மெஷின் சுற்றியது. தட்டில் டம்ளர் வைத்தாள்: வளையம். அதே டம்ளரை அடுக்குக்குக் கீழே, தரையில் வைத்தாள். தண்ணீர் அசையவில்லை. உள்ளங்கையைப் பின்சுவரில் வைத்தாள். சுவர் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.

தரையில் ஆட்டமில்லை. ஆட்டம் சுவரில். அந்தச் சுவரோடு அடுக்கைக் கட்டிவைத்தது யார்? இவளேதான், அதுவும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு திருகாணியில்.

"அட என் புத்தியே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் டாக்டர் ஒரு அடி பின்வாங்கினார்.

திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். இத்தனை வருஷத்தில் உடைந்த அலமாரியைத் தவிர எதையும் அவள் சுவரிலிருந்து பிரித்ததில்லை. கை கொஞ்சம் கூசியது. துளைகளில் நுரையை அடைத்தாள். அடுக்கை ஒரு சாண் முன்னால் இழுத்தாள். இப்போது டம்ளர் அமைதியாக இருந்தது. அடுக்குதான் விரலால் தொட்டால் முன்னே சாயப் பார்த்தது. சொந்தக் காலில் நிற்க அதற்கு அகலமான பாதம் வேண்டும். கனமான பலகை வேண்டும். பலகை வாங்கக் காசு வேண்டும்.

அவள் பார்வை மேலே போனது. டாக்டர் பார்வையும் கூடவே போனது.

"அதையா?" என்றார் டாக்டர்.

"கேட்கவே வாய் வரலை டாக்டர். உங்களுக்கு ஆசையாப் போட்டது. வேண்டாம்னா சொல்லிடுங்க, புதுப் பலகை என் செலவுல வாங்கிட்டு வந்துடறேன்."

டாக்டர் திராட்சைக் கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படுத்திருக்கிறவங்களுக்குக் கிரீடம் எதுக்கு? இறக்குங்க."

பலகையை நான்காக அறுத்தாள், கைரம்பத்தால்தான். தோள் புலம்பியது, கேட்காததுபோல் இருந்துவிட்டாள். ஒவ்வொரு துண்டையும் அடுக்கின் அடியில் முன்னும் பின்னும் நீளும் பாதமாகப் பொருத்தி, கீழே ரப்பர் ஒட்டி நிறுத்தினாள். கையால் தள்ளிப் பார்த்தாள். தோளால் முட்டிப் பார்த்தாள். அசையவில்லை. சத்தம் கேட்டு நிதி மந்திரி ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"துண்டு விழுந்துடுச்சும்மா" என்றாள் டம்ளரக்கா. "ஆனா மரத்துல மட்டும்."

நிதி மந்திரி குனிந்து பாதங்களைப் பார்த்தார். தரையோரம் கொடி நான்கு இடத்தில் இலை விட்டுக்கொண்டிருந்தது. "இதுதான் சரி. கொடி தரையிலேருந்துதான் முளைக்கணும். மேல வெச்சப்பவே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு" என்றார். "இருங்க. வீட்டுல இருக்கிற கம்பளி எல்லாத்தையும் போடறேன். அது பிழியறப்போ இந்தத் தெருவே ஆடும்."

குழாய்க்காரர் வந்து சேர்ந்தார். அவரையும் சும்மா அனுப்பாமல் வேடிக்கை பார்க்க நிறுத்திக்கொண்டார்கள். டம்ளர் நடுத்தட்டில் ஏறியது. சுவருக்கு அப்பால் கம்பளிகள் சுழன்றன, மெஷின் கர்ஜித்தது, சமையலறையில் ஏதோ ஒரு மூடி கீழே விழுந்து உருண்டது. நாலு தலையும் டம்ளருக்கு மேலே குனிந்திருந்தன.

தண்ணீரில் நாலு முகம் தெரிந்தது. ஒன்றுகூட நெளியவில்லை.

"இன்னிக்கு ஒரு நாளாவது அதுல ஒயின் ஊத்தித் தரட்டுமா?" என்றார் டாக்டர்.

"வேண்டாம் டாக்டர். அப்புறம் நான் ஆடினா, அதுக்கு யாரு டம்ளர் வைக்கிறது?"

டம்ளரக்கா தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த ஒயின் அறைச் சாவியை எடுத்து நீட்டினாள். அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். நிதி மந்திரி தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, இன்னொரு கையில் ஈரம் படாமல் பிடித்திருந்த முழுக் கூலியை டம்ளரக்காவிடம் கொடுத்தார்.

சாவி டாக்டரின் உள்ளங்கையில் இறங்கியது.