குடலுக்குச் சூடு தெரியாது

என் மகள் ஆசனவாய் இல்லாமல் பிறந்தவள். மதுரையில் ஆபரேஷன் செய்து, குடலை வயிற்றின் இடப்பக்கம் வெளியே எடுத்துத் தைத்து, மலம் போக வழி வைத்திருந்தார்கள். கீழ்வழி அமைப்பதற்கு உடம்பு தேறட்டும் என்றார்கள். அவள் பேசத் தொடங்கியிருந்த சமயம், வயிற்றில் கட்டும் துணியில் ரத்தம் கண்டது. ஊட்டிய செங்கீரையின் சாறுதான் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். மறுநாள் கீரை சமைக்கவில்லை. அன்றும் துணி சிவந்திருந்தது.

மதுரை டாக்டர் விளக்கு வைத்த குழாயை அந்த வழியாக விட்டுப் பார்த்தார். உள்ளே காம்போடு ஒரு சதை வளர்ந்திருந்தது. வயிற்றைக் கிழிக்க வேண்டாம், குழாய் வழியாகவே கரண்டுக் கம்பி விட்டுச் சுட்டு எடுத்துவிடலாம் என்றார்.

எங்கள் ஊர் செம்பட்டிக்குத் திரும்பி வந்து சொன்னதும் நாத்தனார் சிரித்தார்.

"சூடு போடவா மதுரைக்குப் போறீக? மஞ்சக்காமாலைக்கு நம்ம தெருவுலயே போடுறாக. செத்த நேரத்துல முடிஞ்சிரும்."

"அது வேற மதினி. இது கரண்டு வச்சு."

"கரண்டா? பச்சப் புள்ளைக்கா? படிச்சவ, வலிக்குமான்னு கேட்டியா?"

கேட்டிருக்கவில்லை. சூடு போட்ட பிள்ளைகள் கத்துவதைக் கேட்டிருக்கிறேன். எண்ணெய் தடவக்கூட முடியாத இடத்தில் என் மகளுக்கு அந்தப் புண் வந்தால்?

சதையை எடுக்கும் நாளன்று, அதற்காகக் குடலைக் கழுவி முடித்த பிறகு, வலிக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"தோலுக்குத்தாம்மா சுடும். குடலுக்குச் சூடு தெரியாது. இழுத்தாத்தான் தெரியும். பயப்படாதீங்க."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு வீட்டு வெந்நீர்தான் ஞாபகம் வந்தது. வயிற்றில் குடல் திறந்திருந்த அந்தச் சிவந்த வாயைத் தினமும் வெந்நீரால் கழுவியவள் நான். பிள்ளை அழவில்லை, அதனால் சூடு பதம் என்றிருந்தேன்.

"நான் ஊத்துன வெந்நீராலதான் இது வளர்ந்துச்சா, டாக்டர்?"

"அதனால வராதும்மா. ஆனா இனிமே கையில ஊத்திப் பார்த்துட்டுக் கழுவுங்க."

அந்த 'ஆனா' என்னைப் பிடித்துக்கொண்டது. பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். கதவருகே நின்றேன். சத்தமே இல்லை. அழுதால் தேவலை என்று தோன்றியது. உள்ளே எது வெந்தாலும் அவள் அழப்போவதில்லையே.

சதை முழுதாக வந்துவிட்டது என்றார் டாக்டர். இரண்டொரு நாள் ரத்தம் வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

அரைத் தூக்கத்தில் கிடந்தவளின் துணியைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. கட்டினேன். மறுபடி பிரித்தேன்.

"எத்தன தடவைம்மா? பிள்ளைக்கு வயிறு குளுந்துபோகும்" என்றார் நர்ஸ்.

சரி என்று இறுக்கிக் கட்டினேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போகும்வரை காத்திருந்தேன்.