ஆயுத பூஜைக்குத் துடைத்த கம்ப்யூட்டர்

நான் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறேன். ஆயுத பூஜைக்கு மெஷின்களை உள்ளே வரை துடைத்துப் பழகிய கை. போன வருஷம் வீட்டுக் கம்ப்யூட்டரையும் விடவில்லை. மூடியைக் கழற்றி, கரித்தூசியை வழித்தெடுத்து, பொட்டும் வைத்தேன்.

மறுநாள் மெயிலைத் திறந்தால், டேட்டா ஃபைலைக் காணவில்லை என்று வந்தது. மறைந்த என் கணவர் வடக்கே வேலை பார்த்தபோது எனக்கு எழுதிய மெயில்கள் எல்லாம் அந்த ஒரே ஃபைலில்தான் இருந்தன. பண்ருட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்தேன்.

“எடுத்துகினு வாங்க, ஃபார்மட் பண்ணித் தந்துடறேன்” என்றார் கடைக்காரர்.

கம்ப்யூட்டரும் கையுமாகக் கிளம்பிய என்னை எதிர் குவார்ட்டர்ஸ் செல்வி அக்கா நிறுத்தினார். சுரங்கத்தில் கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருப்பவர்.

“ஃபார்மட் பண்ணா எல்லாம் அழிஞ்சிடும்மா! பெல்ட் நின்னா எடுத்தவுடனே மோட்டாரையா மாத்தறோம்? கடைசியா யாரு எங்க கை வெச்சாங்கன்னுதானே பாக்கறோம்? நீ எங்க கை வெச்ச?”

பூஜையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே மூடியைக் கழற்றினார். மெயில்கள் இருந்த இரண்டாவது ஹார்ட் டிஸ்கின் வயர் கழன்று தொங்கியது. மாட்டியதும் அத்தனை மெயில்களும் வந்துவிட்டன. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன். அந்தக் கைக்கு என்ன கைம்மாறு செய்தாலும் தகும்.

அன்று எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். ஒன்றில் அவர் எழுதியிருந்தார்: “கம்ப்யூட்டரைத் திறந்து துடைக்காதே. லீவில் வந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.”

இப்போது அந்த ஃபைலின் நகல் ஒரு பென்டிரைவில் என் பீரோவிலும், இன்னொன்றில் செல்வி அக்கா வீட்டிலும் இருக்கிறது. இந்தப் பூஜைக்குக் கம்ப்யூட்டரை வெளியே மட்டும் துடைத்துப் பொட்டு வைத்தேன். கணவர் பேச்சைக் கேட்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.