கையைத் தூக்கும், பாப்பம்

புளியங்குளத்துக்கு இந்தப் பக்கம், பொழுதுபட்ட மம்மலில், சூடு ஆறாத தார் வீதியில் ஒரு மாடு படுத்திருந்தது. அதை விலத்தப் போய், மோட்டார் சைக்கிளோடு வலது தோள் அடிபட விழுந்தேன். மாடு எழும்பி என்னைப் பார்த்துவிட்டு வீதியின் மற்றக் கரையில் போய்ப் படுத்ததாம். தூக்க வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு எலும்பு எதுவும் முறியவில்லை. கழுத்திலிருந்து தோளுக்குப் போகும் நரம்புதான் அறுந்துபோனது. விரல்கள் வேலை செய்தன, முழங்கை மடங்கியது, பேனை பிடிக்க முடிந்தது. கையைத் தோளிலிருந்து தூக்க மட்டும் முடியவில்லை.

நான் கிளிநொச்சியில் டியூசன் வகுப்பில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். ஆனால் கரும்பலகைக்குக் கை எட்டாத கணித வாத்தியாரை யார் வைத்திருப்பார்கள்? இடது கையால் எழுதிப் பார்த்தேன். நான் போட்ட ஐந்தை இரண்டென்று கொப்பியில் எழுதிய ஒருத்திக்கு விடை சரியாக வந்தது. அப்படியென்றால் நான் போட்ட ஐந்தே பிழை. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

"புது வருச வகுப்புக்கு எழுதக்கூடிய மாதிரி வாரும். இல்லாட்டி வேற ஆளைத்தான் போடோணும்" என்று வகுப்பு நடத்துபவர் சொல்லிவிட்டார். குரலில் கோபமில்லை. ஆனாலும் எனக்கு நித்திரை வரவில்லை.

சத்திரசிகிச்சை கொழும்பில் நடந்தது. தோளைக் குலுக்க உதவும் நரம்பில் ஒரு பகுதியை எடுத்து, செத்துப்போன நரம்போடு பொருத்தினார்கள். டொக்டர் இதை விளங்கப்படுத்தியபோது, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் அப்பா ஒரு கேள்வி கேட்டார்.

"டொக்டர் ஐயா, ஒரு வாய்க்காலை வெட்டி மற்றதுக்கு விட்டிருக்கிறியள். முதல் வாய்க்கால்காரன் சண்டைக்கு வரமாட்டானோ?"

டொக்டர் சிரித்தார். "அவருக்கு வேற வாய்க்காலும் இருக்கு ஐயா. கொஞ்சம் எடுத்தால் தெரியாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "உமக்கு வயசு குறைவு. சிகரெட் இல்லை. கன மாதம் போகமுன்னம் வந்திட்டீர். இதெல்லாம் நல்லது. ஆனால் நரம்பு மெள்ளத்தான் வளரும். அது வந்து சேருமட்டும் மூட்டு இறுகக் கூடாது. கனகாலம் வராமல் விட்டால் தசையும் செத்துப்போம்."

"கடைமடைப் பயிர் மாதிரி" என்றார் அப்பா.

அம்மா இதில் ஒன்றையும் கேட்கவில்லை. ஆரம்பக் கிழமைகளில் கையை அசைக்கக் கூடாது என்று தாதி சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டா. அந்தக் கிழமைகள் முடிந்த பிறகும் என் கை நெஞ்சோடு கட்டியபடியே இருந்தது. எங்கள் பக்கத்தில் வருத்தக்காரரைப் பார்க்க வருகிறவர்கள் மால்ட் பெட்டியோ பிஸ்கட்டோ கொண்டுவருவார்கள். என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எங்க, கையைத் தூக்கும், பாப்பம்." அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அவன் படுத்திருக்கிறான்" என்று வாசல் படலையிலேயே திருப்பி அனுப்பினா. நான் உள்ளே அவர்களுடைய பிஸ்கட்டைச் சாப்பிட்டபடி புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கில் பிசியோதெரபி மிஸ் என் கையைப் பிடித்துத் தூக்கினா. பாதியில் நின்றுவிட்டது.

"என்ன தம்பி, துருப்பிடிச்ச படலை மாதிரி இருக்கு? வீட்டில பயிற்சி செய்யிறேல்லையோ?"

"அம்மா விடுறா இல்லை மிஸ்."

"ஒட்டின நரம்பு பிடுங்குப்பட்டிடும் எண்டு பயந்தனான்" என்றா அம்மா.

"அது எப்பவோ பிடிச்சிட்டுது அம்மா. இனி அசைக்காட்டித்தான் பழுது. மற்றக் கையால பிடிச்சுத் தூக்கோணும். பிறகு தோளைக் குலுக்கி, கை எழும்புது எண்டு நினைக்கோணும். நாள் முழுக்க, திரும்பத் திரும்ப."

"திரும்பத் திரும்ப இவனுக்கு ஆர் சொல்லுறது மிஸ்? புத்தகத்தைத் திறந்தால் வீடு எரிஞ்சாலும் தெரியாது."

அடுத்த நாள் விடியப் படலை அகலத் திறந்து கிடந்தது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வந்திருந்தது. வந்தவர்களை அதில் இருத்திவிட்டு அம்மா சொன்னா: "முதல்ல அவனைக் கையைத் தூக்கச் சொல்லுங்கோ. பிறகு தேத்தண்ணி தாறன்."

சைக்கிளில் குளத்து மீன் கொண்டுவருபவரும் தப்பவில்லை. மீனை நிறுக்க முதல் என்னைத் தூக்கச் சொல்லவேண்டியிருந்தது.

பக்கத்து வளவு மாமிதான் கோபித்துக்கொண்டா. "நான் மரியாதையாக் கேக்கிறன், இவர் தோளைக் குலுக்கிறார். படிச்ச திமிரோ?"

"அதுதான் அக்கா பயிற்சி" என்றா அம்மா.

"அப்பிடியோ? அப்ப நாளைக்கும் வாறன்."

வந்தா. ஒவ்வொரு நாளும் வந்தா. மாதங்கள் போயின. தோள் குலுங்கியதே தவிரக் கை அசையவில்லை. மாமி கேட்கும் குரலிலும் நம்பிக்கை குறைந்துகொண்டே போனது. இரவில் நான் புது வருசத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

ஒருநாள் காலை, மாமி கேட்க, நான் குலுக்க, முழங்கை நான் இருந்த கதிரையின் கைப்பிடியை விட்டு மேலெழும்பியது.

"எழும்பிட்டுது" என்றா அம்மா.

"காத்துக்குச் சேட்டுக் கை ஆடினது" என்றா மாமி.

"கரன்ட் இல்லை, ஃபானும் ஓடேல்லை. எங்க காத்து?"

தீர்ப்புச் சொல்ல அப்பாவை வயலிலிருந்து கூப்பிட்டார்கள். சேற்றுக் காலோடு வந்து என் முன்னால் குந்தியிருந்து, வரம்பின் மட்டம் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடினார்.

"இன்னொருக்காச் செய்."

செய்தேன்.

"வருது" என்றார். வயலுக்குத் திரும்பிப் போனார். போகும்போது மூக்கை உறிஞ்சினார். தடிமன் என்று அம்மா சொன்னா.

புது வருசத்தில் வகுப்புக்குப் போனேன். கை தோள் மட்டம் வரை வருகிறது. இதற்கு மேலும் வரலாம், வராமலும் விடலாம் என்கிறார் டொக்டர். எழுதப் போகும்போதெல்லாம் முதலில் தோள் குலுங்கும். விடை எனக்கே தெரியாதென்று புது மாணவர்கள் நினைத்தார்கள். பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதுகிறேன். பின்னுக்கு இருப்பவர்களுக்கு மறைக்கும் என்பதால் முன்வரிசை நிலத்தில் இருக்கிறது.

போன கிழமை நீண்ட கணக்கொன்றுக்கு இடம் போதவில்லை. எழுதியதை அழிக்கத் திரும்பினேன்.

"சேர், மேல இடம் இருக்குதுதானே?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அது அடுத்த தவணைக்கு" என்றேன்.