பதினான்கு இறாத்தல் மரக்கால்கள்

1. மங்கிய பிளேட்

நான் எடுத்த படத்தைப் பார்த்து ஒரு தோட்டத் துரை சிரித்தார். அது ஐம்பதுகளின் நடுவில், தொழிலாளர் முறைப்பாடுகளைக் கேட்கும் தொழிற்கந்தோரின் விசாரணையில் நடந்தது. அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் பின்சுவர் பிளந்திருந்தது. மேலே மண்மேடும் விலகி நின்றது. பன்னிரண்டு காம்பராக்கள், பன்னிரண்டு குடும்பங்கள். பெருமழைக்கு முன் தங்களை வேறு லயத்துக்கு மாற்ற வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். சாட்சி என் படம்தான்.

"இது வெடிப்பு இல்லே. தண்ணி ஓடின அடையாளம்" என்றார் துரை.

கந்தோர் ஐயா கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்தார். "தெளிவான படம் இருந்தா அடுத்த தவணைக்குக் கொண்டு வாங்க" என்றார்.

வெளியே, ஏழாம் காம்பரா ராக்கம்மா என்னை நிறுத்தினாள். "ஏன் தம்பி, நீங்க படம் புடிச்சது எங்க லயத்தையா, மூடுபனியையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

2. பந்துத் தலை

அப்போது ஹட்டனில் சலீம் நானாவின் ஸ்டூடியோவில் வேலை செய்தேன். வெளி வேலைக்கு எடுத்துப்போவது, கண்ணாடிப் பிளேட்டில் படம் பதியும் ஹாஃப் பிளேட் கேமரா. அதுவே எட்டு இறாத்தல் கனம். அதை நிறுத்த நானா கொழும்பிலிருந்து பயண ஸ்டாண்ட் ஒன்று வாங்கியிருந்தார். மூன்று உலோகக் கால்கள், கைக்குள் மடங்கும், நான்கு இறாத்தல். உச்சியில் பந்துத் தலை. ஒரே திருகைத் தளர்த்தினால் எந்தப் பக்கமும் சாயும்.

கடையில் பார்க்க அழகு. மலையில் இரண்டு குறை. நீண்ட லென்ஸுக்காக, துருத்தி போன்ற பெல்லோஸை முன்னுக்கு இழுத்தால், பாரம் தாங்காமல் பந்து மெல்லத் தலைகுனியும். காற்றில் கால்கள் அதிரும். மேகம் மூடிய பகலில் லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி, ஷட்டரைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அத்தனை நேரமும் அந்த அதிர்வு பிளேட்டில் பதியும். வெடிப்பு, தண்ணீர்த் தடமானது இப்படித்தான்.

நானாவின் பின்னறையில், ஏலத்தில் வந்த நில அளவையாளர் ஸ்டாண்ட் ஒன்று கிடந்தது. மரக்கால்கள், நுனியில் இரும்புப் பூண், ஒவ்வொரு காலையும் தனித்தனியே நீட்டலாம். பதினான்கு இறாத்தல். பட்டறையில் கொடுத்து அதற்கொரு தலை செய்வித்தேன். அது மேலும் கீழும் மட்டுமே சாயும். இரண்டு பக்கமும் தடித்த திருகு. இறுக்கினால் இறுக்கியதுதான்.

"இது மனுஷன் தூக்குற சாமானா? பஸ்ஸுல ஏத்துவானா?" என்றார் நானா.

"ஏத்தாட்டி நடப்பேன் நானா."

"நடங்க. இடுப்பு கழண்டா எங்கிட்ட வராதீங்க."

"படம் மங்கினா யாருகிட்ட போறது?"

நானா ஸ்டாண்டைத் தோளில் மாட்டத் தோல் வாரொன்றை எடுத்து என் முன்னால் போட்டார்.

3. எல்லைக் கல்

தோட்டத்துக்குள் எனக்கு அனுமதி இல்லை. ஆனால் லயத்தின் பின்சுவருக்கு எதிரே, ஓடைக்கு இந்தப் பக்கம் அரசாங்க றோட்டு. அதன் விளிம்பில் ஸ்டாண்டை ஊன்றினேன். சரிவில் இரண்டு கால்கள் பள்ளத்துப் பக்கம் நீண்டிருக்க வேண்டும். ஒன்று மேட்டுப் பக்கம் குறுகியிருக்க வேண்டும். பள்ளத்தில் ஒற்றைக் காலை வைப்பவன் கேமராவைக் கவிழ்க்கப் போகிறான் என்று பொருள்.

தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை ஓடி வந்தார். "யாரைக் கேட்டுய்யா இங்க வச்ச? எடு!"

"இது அரசாங்க றோட்டு. மூணு காலும் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் இருக்கு. எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணவில்லை. ஒரு காலைப் பிடித்து இழுத்தார். பூண் சரளைக்குள் இறங்கியிருந்தது, அசையவில்லை. மறுபடி இழுத்தார். அவர் தொப்பிதான் விழுந்தது.

அந்நேரம் காலைப் பெரட்டில் பேர் பதிந்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் அந்த வழியே வந்தார்கள். ராக்கம்மா நின்றாள். மற்றவர்களும் நின்றார்கள். ஸ்டாண்டுக்குக் காற்று வந்த பக்கம் தோளோடு தோள் சேர்ந்து, கூடைகளோடு ஒரு சுவராக நின்றார்கள்.

"மலைக்குப் போங்கடி! பிந்தினா அரைப்பேருதான் போடுவேன், அரை நாள் சம்பளந்தான்!" என்று கத்தினார் கணக்கப்பிள்ளை.

"போடுங்க ஐயா. செவரு விழுந்து செத்தவளுக்கு என்னா பேரு போடுவீங்க?" என்றாள் ராக்கம்மா.

அக்கரையில் அவள் புருஷன், பேசி வைத்தபடி, மம்பட்டிப் பிடியை வெடிப்புக்குள் செருகினார். பிடி முழுதும் உள்ளே போய், வெளியே இரும்பு மட்டும் நின்றது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். நான்கு பிளேட் எடுத்தேன். நான்கும் தெளிவு.

அடுத்த தவணையில் துரை படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். கந்தோர் ஐயா அதை நிமிர்த்தி வைத்தார். மழைக்கு முன் பன்னிரண்டு குடும்பங்களும் மேல் லயத்துக்குப் போயின. அந்தப் பெண்களுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான் விழுந்தது.

அந்த வருடம் சுவர் விழவில்லை. "பாத்தியா, ஒண்ணும் ஆகல்ல" என்று கணக்கப்பிள்ளை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஆள் சாகாததும் ஒரு குற்றமா?

இப்போது கேமரா பழகுகிறவர்கள், "எடை குறைந்த ஸ்டாண்ட் எது?" என்று கேட்டு என் உயிரை வாங்குகிறார்கள். தோள் வலிக்கத்தான் செய்யும். எனக்கு இரண்டு தோளும் போய்விட்டன. மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அந்த மரக்கால்களையேதான் எடுப்பேன். தூக்கிப்போக இலகுவா என்று பார்க்காதீர்கள். "எடு" என்று ஒருவன் வந்து இழுக்கும்போது அசையாமல் நிற்குமா என்று பார்த்து வாங்குங்கள்.